கம்பி தொடாமல் சிக்னல் கடக்க: குறைந்த மின்சாரத்தில் ஓடும் அலையியற்றி

ஒரு சர்க்யூட்டிலிருந்து இன்னொன்றுக்கு 'ஆம்', 'இல்லை' என்ற தகவல் மட்டும் போக வேண்டும், மின்னோட்டம் போகக்கூடாது. இரண்டுக்கும் நடுவே செம்புக் கம்பி எதுவும் இருக்கக்கூடாது, கிரவுண்டும் பொதுவாக இருக்கக்கூடாது. இதைத்தான் கால்வனிக் தனிமை என்கிறோம். ஒரு பக்கம் மோட்டார் இயக்கியோ மெயின்ஸ் அளவியோ இருக்கும். மறுபக்கம் மைக்ரோகண்ட்ரோலரும் அதைத் தொடும் மனிதரும் இருப்பார்கள். ஒரு பக்கத்தின் கிரவுண்ட் திடீரென்று நூறு வோல்ட் மேலே எழுந்தாலும் மறுபக்கத்துக்கு அது தெரியவே கூடாது.

அந்த இடைவெளியைத் தாண்டச் சிக்னலுக்கு மூன்று வழிகள் உண்டு: ஒளி, காந்தப்புலம், மின்புலம். ஒளி வழி எல்லோருக்கும் தெரிந்த ஆப்டோகப்ளர்: ஒரு எல்இடியும் அதன் ஒளியை உணரும் டிரான்சிஸ்டரும் ஒரே உறையில். காந்த வழிக்குச் சிறு மின்மாற்றி, மின்புல வழிக்கு உயர் அழுத்தம் தாங்கும் சிறு மின்தேக்கி.

ஆப்டோகப்ளர் எளிது, மலிவு. ஆனால் அதற்குள் இருக்கும் எல்இடிக்குத் தீனி போட்டாக வேண்டும். பிசி817 போன்ற ஒன்றை வழக்கமாக 5 மில்லி ஆம்பியரில் ஓட்டுவார்கள். 220 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பட்டன் பேட்டரி அந்தக் கணக்கில் 44 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எல்இடி மின்னோட்டத்தைக் குறைத்துப் பார்க்கலாம்தான். அப்போது வெளியீட்டு மின்னோட்டமும் குறையும், அதை ஈடுகட்டப் பெரிய மின்தடை போட வேண்டும், போட்டால் சிக்னலின் பின்விளிம்பு இழுபடும். போதாததற்கு, ஆண்டுகள் போகப் போக எல்இடியின் ஒளியும் மங்கும்.

மின்மாற்றிக்கு எல்இடி போல் தீனி வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு: நிலையான மின்னழுத்தம் அதைக் கடக்காது, மாறும் அழுத்தம் மட்டுமே கடக்கும். 'ஒன்று' என்ற நிலை பத்து வினாடி நீடித்தால், முதல் கணத்தில் ஒரு துடிப்பு தெரியும், பிறகு எதுவும் தெரியாது. அதனால்தான் அலையியற்றி, அதாவது தானாகவே அலை உண்டாக்கும் சர்க்யூட், தேவைப்படுகிறது. 'ஒன்று' என்றால் அலையியற்றி ஓடும், 'சுழி' என்றால் நிற்கும். மறுபக்கத்தில் அலை வருகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும். நிலையான ஒரு சொல்லைத் துடிக்கும் அலையின் மேல் ஏற்றி அனுப்புகிறோம்.

இனி ஒரே கேள்விதான்: அந்த அலையியற்றியை எவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் ஓட்டலாம்?

ஊஞ்சலும் வாளியும்

அலை உண்டாக்க எளிய வழி ஷ்மிட் டிரிகர் கொண்ட தலைகீழ் கேட் (உள்ளீடு ஏறினால் வெளியீடு இறங்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் வெவ்வேறு அழுத்தத்தில் புரளும்), ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி. மின்தேக்கி நிரம்பும், கேட் புரளும், மின்தேக்கி காலியாகும், மீண்டும் புரளும். வாளியில் தண்ணீர் பிடித்துக் கவிழ்ப்பது போன்ற வேலை இது. ஒவ்வொரு சுழற்சியிலும் பிடித்ததெல்லாம் வீண். கணக்கும் நேரடியானது: கேட் ஓட்டும் மின்தேக்கத்தை அழுத்தத்தாலும் அதிர்வெண்ணாலும் பெருக்கினால் சராசரி மின்னோட்டம் வரும். 100 பிக்கோ ஃபாரட், 3.3 வோல்ட், 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் 330 மைக்ரோ ஆம்பியர். இதன் மேல் இன்னொரு செலவும் உண்டு. ஷ்மிட் கேட்டின் உள்ளீடு மெல்ல ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரே நேரத்தில் பாதி திறந்து நிற்கும். சப்ளையிலிருந்து நேராகக் கிரவுண்டுக்கு மின்னோட்டம் வழியும். 74எச்சி14 என்ற ஷ்மிட் கேட் சிப்பை வைத்துச் செய்தவர்கள் கணக்கிட்டதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் போவதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

சுருளும் மின்தேக்கியும் இணைந்த எல்சி இணை வேறு மாதிரி. அது ஊஞ்சல். மின்தேக்கியில் இருக்கும் ஆற்றல் சுருளின் காந்தப்புலமாக மாறும், மறுபடி மின்தேக்கிக்குத் திரும்பும். ஒரு சுழற்சிக்கு உராய்வில் போகும் சிறு பங்கை மட்டும் நாம் தள்ளிக் கொடுத்தால் போதும். உராய்வு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் எண்தான் தரக்காரணி. தரக்காரணி 50 என்றால், தள்ளுவதை நிறுத்திய பிறகும் பல சுழற்சிகளுக்கு ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும்.

குறைந்த மின்சார வடிவமைப்பின் சாரமும் சிக்கலும் இங்கேயே இருக்கின்றன. நன்றாக ஆடும் ஊஞ்சலுக்குத் தள்ளுவதும் குறைவு, அது நிற்க எடுக்கும் நேரமும் அதிகம். அலை நிற்காத வரை மறுபக்கம் 'ஒன்று' என்றே படித்துக்கொண்டிருக்கும். ஆக, மிச்சமாகும் மின்னோட்டத்துக்கு வேகத்தை விலையாகக் கொடுக்கிறோம். கீழே வரும் ஒவ்வொரு எண்ணும் இந்தப் பேரத்தின் ஒரு பகுதிதான்.

இந்தப் பேரத்தின் கடைக்கோடி உதாரணம் கைக்கடிகாரத்தின் 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ். அதன் தரக்காரணி பல்லாயிரம். ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாக ஓட்டலாம். ஆனால் தரக்காரணி 50,000 என்று வைத்தால், நிறுத்திய பின் அலையின் உயரம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குச் சரியவே சுமார் அரை வினாடி ஆகும். நேரம் காட்ட அருமையான பொருள், தந்தி அடிக்க உதவாது.

கணக்கு

100 மைக்ரோ ஹென்றி சுருளும் 248 பிக்கோ ஃபாரட் மின்தேக்கமும் சேர்ந்தால் அதிர்வெண் 1.01 மெகாஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் சுருளின் எதிர்ப்பு சுமார் 630 ஓம். அதைத் தரக்காரணி 50ஆல் பெருக்கினால் 31.5 கிலோ ஓம். இழப்புகளெல்லாம் சேர்ந்து எல்சி இணைக்குக் குறுக்கே ஒரு மின்தடையாக நின்றால், அதன் மதிப்பு இது. அலையின் உச்சம் 2 வோல்ட் என்றால் அதில் வீணாவது 63 மைக்ரோவாட். 3.3 வோல்ட் சப்ளையில், வீணே இல்லாமல் தள்ள முடிந்தால் 19 மைக்ரோ ஆம்பியர் போதும். நடைமுறையில் தள்ளும் டிரான்சிஸ்டரும் தின்னும். 50 மைக்ரோ ஆம்பியர் என்று வையுங்கள். ஆப்டோகப்ளரின் நூறில் ஒரு பங்கு.

தள்ளுவதற்கு ஒற்றை டிரான்சிஸ்டர் கால்பிட்ஸ் அமைப்பே போதும். 1918இல் எட்வின் கால்பிட்ஸ் வகுத்த இந்த அமைப்பில், இரண்டு மின்தேக்கிகள் தொடராக நின்று அலையின் ஒரு பங்கைப் பிரித்து எமிட்டருக்குத் திருப்பி அனுப்புகின்றன.

இணைப்பு இப்படி. சுருளின் ஒரு முனை 3.3 வோல்ட் சப்ளைக்கு. அந்த முனையை ஒட்டியே 100 நானோ ஃபாரட் செராமிக் ஒன்று கிரவுண்டுக்கு. மறு முனை 2என்3904 டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 330 பிக்கோ ஃபாரட், எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 நானோ ஃபாரட். தொடரில் இவை 248 பிக்கோ ஃபாரட் ஆகும். எமிட்டரில் தெரிவது கலெக்டர் அலையின் கால் பங்கு. எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 12 கிலோ ஓம். தகவல் வரும் பின்னிலிருந்து (இணைப்புக் காலிலிருந்து) பேஸுக்கு 180 கிலோ ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம், அதற்கு இணையாக 220 பிக்கோ ஃபாரட்.

தகவல் பின் 3.3 வோல்ட்டுக்கு ஏறினால் பேஸ் ஏறக்குறைய 1.2 வோல்ட் ஆகும், எமிட்டர் 0.6 வோல்ட் ஆகும், 12 கிலோ ஓம் வழியாக 50 மைக்ரோ ஆம்பியர் ஓடும். பேஸ் பிரிப்பான் தின்பது இன்னொரு 12. ஆக 62 மைக்ரோ ஆம்பியர். பின் கீழே இறங்கினால் எல்லாமே சுழி. அதே பட்டன் பேட்டரி, அலை இடைவிடாமல் ஓடினாலும் 148 நாள் தாங்கும். பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஓடினால் கணக்கில் நான்கு ஆண்டு வரும்.

அலை தானாகத் தொடங்குமா என்று பார்க்க ஒரு சிறு கணக்கு. அறை வெப்பநிலையில் டிரான்சிஸ்டரின் தள்ளும் வலிமை, கலெக்டர் மின்னோட்டத்தை 26 மில்லி வோல்ட்டால் வகுத்தால் கிடைக்கும். 50 மைக்ரோ ஆம்பியருக்கு அது 1.9 மில்லி சீமென்ஸ். இதை 31.5 கிலோ ஓமால் பெருக்கி, கால் பங்காலும் மீதி முக்கால் பங்காலும் பெருக்குங்கள்: சுமார் 11. ஒன்றுக்கு மேல் இருந்தால் அலை வளரும். 10 மைக்ரோ ஆம்பியருக்கு இறக்கினால் இது 2.3 ஆகிவிடும், தொடங்கும், ஆனால் தயங்கித் தயங்கி. குளிரிலும் வெயிலிலும் நம்பகமாகத் தொடங்க 3க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

இன்னொரு எண்ணும் மனதில் இருக்கட்டும். 2என்3904 தன் வேகத்தை விவரத்தாளில் 300 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லும், ஆனால் அது 10 மில்லி ஆம்பியரில். 50 மைக்ரோ ஆம்பியரில் உள் மின்தேக்கங்களை நிரப்ப மின்னோட்டம் போதாததால், அந்த வேகம் 25 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு இதுவே தாராளம். பத்து மெகாஹெர்ட்ஸில் இதே சர்க்யூட்டை இதே மின்னோட்டத்தில் ஓட்டப் பார்த்தால் தடுமாறும்.

சுருளைச் சுற்றுவது

பலர் தோற்பது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கையில் கிடைத்த ஃபெரைட் வளையத்தில் சுற்றக்கூடாது. குறுக்கீடு வடிகட்டவென்று விற்கும் ஃபெரைட் வளையங்கள் வேண்டுமென்றே இழப்பு அதிகமாகச் செய்யப்பட்டவை. உதாரணமாக, 43 என்ற எண்ணில் விற்கும் நிக்கல்-துத்தநாக ஃபெரைட்டின் காந்த உட்புகுதிறன் 800. குறைந்த சுற்றிலேயே 100 மைக்ரோ ஹென்றி கிடைத்துவிடும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் 1 மெகாஹெர்ட்ஸில் அதன் தரக்காரணி வெறும் 5 அளவுதான். ஊஞ்சலின் கொக்கியில் துரு ஏறியது போல. நமது கணக்கில் 31.5 கிலோ ஓம் இருந்த இடத்தில் 3 கிலோ ஓம் நிற்கும். 50 மைக்ரோ ஆம்பியரில் அலை வளராது, வளர்ந்தாலும் மறுபக்கத்தில் டையோடைத் திறக்கும் அளவுக்கு எழாது.

தேவை 61 ரகம். உட்புகுதிறன் 125 மட்டுமே, அதனால் சுற்று அதிகம் வேண்டும், ஆனால் 1 மெகாஹெர்ட்ஸில் பொருளின் தரக்காரணி 250ஐத் தாண்டும். வெளிவிட்டம் 12.7 மில்லிமீட்டர், உள்விட்டம் 7.15 மில்லிமீட்டர் கொண்ட வளையத்தில் ஒரு சுற்றின் வர்க்கத்துக்கு 69 நானோ ஹென்றி. 100 மைக்ரோ ஹென்றிக்கு 38 சுற்று. வளையத்தின் துளை வழியாகக் கம்பி எத்தனை முறை போகிறதோ அதுதான் சுற்றின் எண்ணிக்கை; வெளியே எண்ணினால் ஒன்று தவறும்.

0.2 மில்லிமீட்டர் எனாமல் கம்பி, காப்புடன் 0.24 என்று வைத்தால், 38 சுற்றும் துளையின் உள்விளிம்பில் 9 மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். உள்விளிம்பின் மொத்தச் சுற்றளவு 22.5. கம்பிகளை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றாமல் ஒரே அடுக்கில் நெருக்கிச் சுற்றுங்கள். அலையியற்றியின் இந்தச் சுருளே மின்மாற்றியின் முதல் சுருள்; அதே வளையத்தில் சிக்னலை வாங்கும் மறுபக்கச் சுருளுக்கு 20 சுற்று, மூன்றடுக்குக் காப்புக் கம்பியில். அதன் வெளிவிட்டம் 0.4 என்றால் 8 மில்லிமீட்டர். இரண்டு சுருளும் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்தால் இருபுறமும் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சும்.

இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிச் சுற்றினால் காந்தப் பிணைப்பு அருமையாக வருமே என்று தோன்றும். செய்யாதீர்கள். பிணைப்போடு மின்தேக்கமும் வந்துவிடும், காப்பும் கம்பிகளின் உறை அளவுக்குச் சுருங்கிவிடும். எதிரெதிரே சுற்றினால் இரு சுருளுக்கும் இடையே சில பிக்கோ ஃபாரட்தான் இருக்கும். அந்தச் சில பிக்கோ ஃபாரட்டின் முக்கியத்துவத்தை எண்ணில் பார்க்கலாம். 5 பிக்கோ ஃபாரட் வழியாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கசிவது 0.4 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு, கவலையில்லை. ஆனால் மோட்டார் இயக்கியின் கிரவுண்ட் ஒரு மைக்ரோ வினாடியில் 1,000 வோல்ட் தாவினால், அதே 5 பிக்கோ ஃபாரட் வழியே 5 மில்லி ஆம்பியர் பாயும். நமது அலையியற்றியின் மின்னோட்டத்தைப் போல் நூறு மடங்கு. இல்லாத 'ஒன்று' மறுபக்கத்தில் முளைப்பது இப்படித்தான்.

அலையைத் திரும்பத் தகவலாக்குவது

முதல் சுருளில் 2 வோல்ட் உச்சம் இருந்தால், 20க்கு 38 என்ற விகிதத்தில், பிணைப்புக் குறைவையும் கழித்து, இரண்டாவது சுருளில் 0.95 வோல்ட் அளவு வரும். ஒற்றை டையோடு வைத்தால் 0.7 வோல்ட்தான் மிஞ்சும். குறைந்த அழுத்தத்திலேயே திறக்கும் ஷாட்கி டையோடு இரண்டை வைத்து அழுத்தத்தை இரட்டிப்பாக்குவது மேல். பேட்54எஸ் என்ற ஒரே உறையில் இரண்டும் தொடராக இருக்கும். சுருளின் ஒரு முனை அந்தப் பக்கத்துக் கிரவுண்டுக்கு, மறு முனை 100 பிக்கோ ஃபாரட் வழியாக டையோடு ஜோடியின் நடுவுக்கு; கீழ் முனை கிரவுண்டுக்கு, மேல் முனையில் 100 பிக்கோ ஃபாரட்டும் 470 கிலோ ஓமும் இணையாகக் கிரவுண்டுக்கு. மேல் முனையில் சுமார் 1.5 வோல்ட் நிற்கும்.

அந்த 470 கிலோ ஓம் ஏன், 47 ஏன் இல்லை? இரட்டிப்பான் முன்னால் பார்க்கும் சுமை அந்த மின்தடையின் எட்டில் ஒரு பங்கு. 470 என்றால் 59 கிலோ ஓம். முதல் சுருளுக்கு அது, சுற்று விகிதத்தின் வர்க்கப்படி, 212 கிலோ ஓமாகத் தெரியும். 31.5 கிலோ ஓமின் பக்கத்தில் இது பெரிய பாரம் இல்லை. 47 கிலோ ஓம் போட்டால் 21 கிலோ ஓம் சுமை, அதாவது ஊஞ்சலில் இன்னொருவர் ஏறிக் காலைத் தரையில் தேய்ப்பது போல. அலையின் உயரம் பாதிக்கும் கீழே போய்விடும்.

பெரிய மின்தடைக்கு விலை மீண்டும் நேரம். அலை நின்ற பின் 1.5 வோல்ட் பாதியாக இறங்க 33 மைக்ரோ வினாடி. ஊஞ்சலே அடங்க 15 மைக்ரோ வினாடி அளவு. பேஸ் மின்தேக்கி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 60 அளவில் வையுங்கள். 4,800 பாட் (வினாடிக்கு 4,800 பிட்) வேகத்தில் ஒரு பிட் 208 மைக்ரோ வினாடி, நிம்மதியாகப் போகும். 9,600 வேண்டுமென்றால் 470ஐ 220 கிலோ ஓமாக்கி, குறையும் அலை உயரத்தை ஈடுகட்ட எமிட்டர் மின்தடையை 10 கிலோ ஓமாக்குங்கள். அதாவது 10 மைக்ரோ ஆம்பியர் கூடுதலாகக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம்.

1.5 வோல்ட்டை நேராக லாஜிக் கேட்டுக்குக் கொடுத்தால், 3.3 வோல்ட்டில் ஓடும் ஷ்மிட் கேட் பல நேரம் அதை 'ஒன்று' என்று ஏற்காது. நடு அழுத்தத்தில் நின்று மின்னோட்டமும் வழியும். இரண்டு அழுத்தங்களை ஒப்பிட்டு எது பெரிது என்று சொல்லும் கம்பேரட்டர் ஒன்றை, மிகக் குறைந்த மின்னோட்ட ரகமாக, வையுங்கள். எம்சிபி6541 வழக்கமாக 0.6 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும், முடிவு சொல்ல 4 மைக்ரோ வினாடி. ஒப்பிடும் அழுத்தத்துக்கு சப்ளையிலிருந்து 3.3 மெகா ஓம், கிரவுண்டுக்கு 1 மெகா ஓம்: 0.77 வோல்ட். இந்த மதிப்புகளில் பலகையில் மிஞ்சிய ஃபிளக்ஸ் அழுக்கே ஒரு மின்தடை ஆகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்துக் காயவிட்ட பின்பே அளந்து பாருங்கள்.

ஓட வைப்பதும் ஓடாததும்

முதலில் தகவல் பின்னை நேராக 3.3 வோல்ட்டில் கட்டிவிட்டு ஆஸிலோஸ்கோப்பில் கலெக்டரைப் பாருங்கள். புரோபை 10 மடங்கு நிலையில் வையுங்கள். அது சேர்க்கும் 12 பிக்கோ ஃபாரட் அதிர்வெண்ணை இரண்டரை சதவீதம் இறக்கும், அவ்வளவே. ஒரு மடங்கு நிலையில் நூறு பிக்கோ ஃபாரட் சேரும், அலையே நின்றாலும் நிற்கும். நல்ல சர்க்யூட்டைக் கெட்டது என்று பிரித்துப் போடுவீர்கள்.

3.3 வோல்ட்டை நடுவாக வைத்து மேலும் கீழும் சுமார் 2 வோல்ட் சைன் அலை தெரிய வேண்டும். சப்ளையைவிட மேலே போகிறதே என்று பயப்பட வேண்டாம், அது ஊஞ்சலின் இயல்பு. அலையின் அடிப்பக்கம் தட்டையாகத் தெரிந்தால், சுருள் எதிர்பார்த்ததைவிட நல்லது என்று பொருள்: டிரான்சிஸ்டர் அடியில் முட்டுகிறது. நாம் 50 என்று தாழ்த்தித்தான் கணக்குப் போட்டோம். 61 ரகத்தில் கவனமாகச் சுற்றினால் அதைத் தாண்டுவது இயல்பு. எமிட்டர் மின்தடையை 22 கிலோ ஓமாக ஏற்றுங்கள், மின்னோட்டம் 27 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கும். அதே நேரம் அலை அடங்கும் நேரம் நீண்டிருக்கும், அதையும் பாருங்கள்.

அலையே வரவில்லை என்றால் வளையத்தின் ரகத்தைச் சந்தேகியுங்கள், அடுத்து மின்தேக்கிகளை. 330 பிக்கோ ஃபாரட்டும் 1 நானோ ஃபாரட்டும் சி0ஜி என்ற, இழப்பு மிகக் குறைந்த செராமிக் ரகமாக இருக்க வேண்டும். என்பி0 என்பதும் அதுவே. எக்ஸ்7ஆர் ரகத்தின் இழப்பு இரண்டரை சதவீதம் வரை போகலாம், அதனாலேயே தரக்காரணி 40க்கு மேல் ஏறாது. அலை வருகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் என்றால், இரண்டு மின்தேக்கிகளும் இடம் மாறியிருக்கின்றன.

அலை கொத்துக் கொத்தாக வந்து வந்து நின்றால், அது வேறு நோய். அலை மிக வேகமாக வளர்ந்து, டிரான்சிஸ்டரின் பயாஸை (அதைத் திறந்து வைக்கும் பேஸ் அழுத்தத்தை) தானே அணைத்து, பேஸ் மின்தேக்கி மீளும் வரை காத்திருந்து, மறுபடி வளர்கிறது. பேஸ் மின்தேக்கியை 220லிருந்து 100 பிக்கோ ஃபாரட்டாகக் குறையுங்கள். போதாவிட்டால் மின்னோட்டத்தையும் குறையுங்கள். இரண்டாவது சுருளுக்கும் ஒரு மின்தேக்கி போட்டு ஒத்திசைத்தால் அதிகம் கிடைக்குமே என்ற ஆசையும் ஆபத்தானது: இறுகப் பிணைந்த இரண்டு ஊஞ்சல்களுக்கு இரண்டு இயல்பு அதிர்வெண்கள் உண்டு, அலையியற்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்.

மின்னோட்டத்தை அளக்கச் சப்ளைக் கம்பியில் 1 கிலோ ஓம் வைத்து, அதற்குப் பிறகு 10 மைக்ரோ ஃபாரட் கிரவுண்டுக்குக் கொடுங்கள். மின்தடைக்குக் குறுக்கே ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மைக்ரோ ஆம்பியர். தகவல் பின்னையும் அதே சப்ளையில் கட்டியிருந்தால் 60 மில்லி வோல்ட் அளவில் காட்ட வேண்டும்.

தனிமையைச் சோதிக்கும்போது தனிமையை நாமே கெடுப்பதுதான் மிக அடிக்கடி நடக்கும் தவறு. இரு சேனல் ஆஸிலோஸ்கோப்பின் இரண்டு புரோப் கிரவுண்டுகளும் உள்ளே ஒன்றே. ஒன்றை அனுப்பும் பக்கத்திலும் மற்றொன்றை வாங்கும் பக்கத்திலும் மாட்டிய கணமே இரண்டு கிரவுண்டும் சேர்ந்துவிட்டன. சர்க்யூட் பிரமாதமாக ஓடும், சோதனை எதையும் நிரூபிக்காது. ஒரு பக்கம் மெயின்ஸில் இருந்திருந்தால் தீப்பொறியும் பறந்திருக்கும். ஒரே கணினியின் இரண்டு யுஎஸ்பி துளைகளிலிருந்து இரு பக்கத்துக்கும் சப்ளை கொடுப்பதும் இதே தவறுதான். இரண்டு பேட்டரி, ஒரு நேரத்தில் ஒரு புரோப். பிரெட்போர்டும் இரண்டு தனித்தனியாக இருக்கட்டும், நடுவே வளையம் மட்டும் பாலமாக. ஒரே பலகையில் கட்டினால் பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் மின்தேக்கமே சிக்னலைக் கடத்திவிடும்.

மெயின்ஸ் பக்கம் போகும் முன்

மேலே சொன்ன வளையம் கற்றுக்கொள்ள, பேட்டரி அழுத்தத்தில் கிரவுண்ட் இரைச்சலைத் துண்டிக்க. கையால் சுற்றிய மின்மாற்றியை மெயின்ஸுக்கும் மனிதருக்கும் நடுவே வைக்காதீர்கள், மருத்துவக் கருவியில் அறவே கூடாது. எனாமல் பூச்சு பாதுகாப்புக் காப்பாகக் கணக்கில் வராது. ஊசி முனைத் துளைகள் அதில் இருக்கும். ஃபெரைட்டையும் கடத்தியாகவே எண்ண வேண்டும், அதனால் சுருள்களுக்கு இடையே தெரியும் இரண்டரை மில்லிமீட்டர் உண்மையான இடைவெளி ஆகாது. பாதுகாப்பைச் சுமப்பது மூன்றடுக்குக் காப்புக் கம்பி மட்டுமே. 250 வோல்ட்டுக்கு, சாதாரணத் தூசுள்ள சூழலில், வலுவூட்டிய காப்பு என்றால் பலகையின் மேற்பரப்பு வழியே 5 மில்லிமீட்டர் தூரம் வேண்டும். 8 விட்டு, நடுவே பலகையில் ஒரு பள்ளமும் வெட்டினால் அழுக்கு படிந்த பிறகும் தாங்கும். மல்டிமீட்டர் 'முடிவிலி' காட்டுவது ஒன்றையும் உறுதி செய்யாது, அது சில வோல்ட்டில்தான் அளக்கிறது. 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டரால் அளந்தால்தான் கம்பியில் பட்ட கீறல் தெரியும்.

ஓய்வு நிலையை எது என்று முடிவு செய்வதிலும் பாதுகாப்பு இருக்கிறது. அலை இல்லாததை 'ஓய்வு' என்று வைத்தால் பேட்டரி மிச்சம். ஆனால் அனுப்பும் பக்கம் செத்துப்போனாலும், சுருள் அறுந்தாலும் மறுபக்கத்துக்கு அது 'ஓய்வு' என்றே தெரியும். சூடேற்றியை அணைக்கச் சொல்லும் சிக்னல் என்றால், அலை வந்துகொண்டிருக்கும் வரைதான் சூடேற்றி எரிய வேண்டும். அலை நின்றால் அணைய வேண்டும். வெறும் அளவீடு என்றால், வினாடிக்கு ஒரு முறை 1 மில்லி வினாடி நீளமுள்ள 'இருக்கிறேன்' துடிப்பு போதும். அதன் சராசரிச் செலவு 0.06 மைக்ரோ ஆம்பியர்.

ஒரே பலகையில் இரண்டு சேனல்கள் (இப்படிப்பட்ட இரண்டு தனித்தனிச் சிக்னல் வழிகள்) வைப்பவர்களுக்கு ஒரு கடைசி எண். ஒன்று 1.01 மெகாஹெர்ட்ஸிலும் மற்றது 1.02 மெகாஹெர்ட்ஸிலும் ஓடினால், அவற்றின் வித்தியாசமான 10 கிலோஹெர்ட்ஸ் நம் தகவலின் வேகத்திலேயே விழும். வளையங்கள் நெருங்கியிருந்தால் ஒன்றை ஒன்று இழுத்துப் பூட்டிக்கொள்ளவும் செய்யும். இரண்டாவது சேனலில் 330க்குப் பதில் 150 பிக்கோ ஃபாரட், 1 நானோவுக்குப் பதில் 470 பிக்கோ ஃபாரட் போடுங்கள். அதிர்வெண் ஒன்றரை மெகாஹெர்ட்ஸுக்கு அருகே போய்விடும், வித்தியாசத்தை 470 கிலோ ஓமும் 100 பிக்கோ ஃபாரட்டுமே விழுங்கிவிடும். இந்த இரண்டு அதிர்வெண்களும் மத்திய அலை வானொலிப் பட்டைக்குள் இருப்பதால், பக்கத்தில் ஒரு சிறிய ரேடியோவை வைத்துத் திருப்பினால் அலையியற்றி ஓடுகிறதா என்று ஆஸிலோஸ்கோப் இல்லாமலே கேட்டுவிடலாம். தகவல் பின் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த இடத்தில் இரைச்சல் அடங்கி மீளும்.